காவலூர் வீட்டில் ஏழாம் மாதம்

காவலூரில் இட்லி மாவு லேசில் பொங்காது. கீழே ஒடுகத்தூரில் மாலையில் அரைத்து வைத்தால் விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழியும். மலைமேல், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், கம்பளியைச் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாலும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த மாதங்களில் என் பெரிய கவலை அதுதான், இன்ஸ்பெக்டர் மேடம். ஜெயசுதாவோ, "இட்லி இன்னாத்துக்குக்கா? சாமைக் கஞ்சி ஊத்துங்க, போதும்" என்பாள். அவளுக்குப் போதும்தான். சாப்பிடுவது அவள் மட்டும் அல்ல என்பதைத் தினமும் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

ஸ்டேஷனில் வாயைத் திறக்க வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் எதையாவது மறைக்கிறவர்கள் போலிருக்கிறது. எனக்கு அந்த அவசியம் இல்லை. உட்காருங்கள், முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் ஜோஸ்லின். ஒடுகத்தூரில் என் கணவர் வில்சனின் குடும்பம் ஒரு பள்ளி நடத்துகிறது. அதில் நான் தலைமையாசிரியை. கட்டிகள் வந்து, ரத்தப்போக்கு நிற்காமல், முப்பத்தைந்து வயதில் என் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சினைப்பைகளை விட்டுவைத்தார்கள். இந்த வித்தியாசத்தை எங்கள் சபைப் பெண்களுக்குக் கடைசி வரை விளங்கவைக்க முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் என்னைச் சுற்றி நின்று, தலையில் கைவைத்து, "இவள் கர்ப்பத்தைத் திறந்தருளும் ஆண்டவரே" என்று ஜெபிப்பார்கள். இல்லாததை எப்படித் திறப்பது? நானும் ஆமென் என்று சொல்லிவிட்டு வந்து காரில் உட்காருவேன்.

தத்தெடுக்கலாம் என்றார் வில்சன். அவர் எதற்கும் எளிதான வழியைத்தான் சொல்வார். யாருடைய குழந்தையோ எனக்கு எதற்கு? என் கருமுட்டை இருக்கிறது, அவருடைய விந்தணு இருக்கிறது. சுமக்க ஓர் உடம்பு மட்டும்தான் இல்லை.

வாடகைத் தாய் என்கிறார்கள். சட்டம் வாடகையை ஒழித்துவிட்டது, சொல் மட்டும் ஊர் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது யாரும் இதற்குக் காசு கொடுக்கக்கூடாது, வாங்கக்கூடாது. எனக்குக் கர்ப்பப்பை இல்லை என்று மருத்துவக் குழு சான்று தரவேண்டும். பிறக்கும் குழந்தை எங்களுடையது என்று நீதிமன்றம் உத்தரவு போடவேண்டும். சுமக்கிறவளுக்குக் காப்பீடு எடுக்கவேண்டும். அவள் தானாக முன்வந்தவளாக, கல்யாணமானவளாக, இளம் வயதுக்காரியாக, ஏற்கெனவே சொந்தமாக ஒரு குழந்தை பெற்றவளாக இருக்கவேண்டும். ஆய்வுக்கூடத்தில் எங்கள் இருவருடையதையும் சேர்த்துக் கருவாக்கி, அவள் கர்ப்பப்பையை மாத்திரை ஊசிகளால் தயார் செய்து, உள்ளே வைப்பார்கள். அந்தக் குழந்தையில் அவளுடைய சாயல் ஒரு துளியும் வராது. இதை நான் ஜெயசுதாவுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். எங்கள் பள்ளிப் பெற்றோர்களைவிட அவள் சீக்கிரம் புரிந்துகொண்டாள் என்பதையும் சொல்லவேண்டும்.

முதலில் வில்சனின் தங்கை மெர்சிலினைக் கேட்டோம். அவள் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி, எங்க வூட்டுக்காரர் ஒத்துக்கமாட்டாருங்க" என்றாள். பிறகு எனக்காக உபவாசம் இருந்தாள். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் என்னிடம் அன்பு காட்டுவதற்கு அந்த ஒரு வழியைத்தான் கண்டுபிடித்திருந்தார்கள்.

காவலூரில் எங்களுக்கு ஒரு நிலமும் வீடும் உண்டு. வாசலில் நின்றால் வானாராய்ச்சி நிலையத்தின் வெள்ளைக் குமிழி மரங்களுக்கு மேலே தெரியும். அந்த நிலத்துக்கு முன்பு காவல் இருந்தவன் சந்திரன். பிறகு குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். அவன் மனைவிதான் ஜெயசுதா. புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். புளி உலுக்கும் காலத்தில் எங்கள் நிலத்துக்கு வருவாள், கூடவே ஒரு பெண் குழந்தை வரும். கனிஷ்கா என்று பெயர். ஏதோ டிவி தொடரில் கேட்டு வைத்தார்களாம். மலையில் சாமை குத்துகிற வீட்டில் கனிஷ்கா. நான் சிரித்துக்கொள்வேன்.

ஜெயசுதாவிடம் கேட்டபோது அவள் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. "எங்க பாப்பாவ உங்க ஸ்கூல்ல சேத்துக்குவீங்களா டீச்சரம்மா? பன்னெண்டாவது வரைக்கும்?" என்று மட்டும் கேட்டாள். சரி என்றேன். சட்டம் பணத்தைத்தானே தடுக்கிறது. படிப்பை யார் தடுக்க முடியும்?

குழுவின் முன்னால் போவதற்கு முன், என்னை டீச்சரம்மா என்று கூப்பிடக் கூடாது, அக்கா என்று கூப்பிடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அங்கே இருந்த ஆலோசகர் படித்து முடித்து வந்த சின்னப் பெண். தாளைப் பார்த்தபடியே, "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? ஏதாவது தர்றேன்னு சொன்னாங்களா?" என்றாள்.

"இல்லீங்க. அக்காவுக்கு ஒரு பாப்பா வேணும். நானு பெத்துக் குடுக்கறேன். அவ்ளோதாங்க."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் சட்டம் போடுகிறார்கள். ஆனால் அந்த 'அக்கா' பிறகு ஜெயசுதாவின் வாயிலிருந்து போகவே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன்.

முதல் முறையிலேயே கரு தங்கியது. ஒடுகத்தூரில் எங்கள் வீட்டு மாடியில்தான் அவளை வைத்திருந்தோம். சபைப் பெண்கள் சாத்துக்குடியும் மாதுளையும் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். அவள் வயிற்றில் கைவைத்து ஜெபித்தார்கள். அவளுக்கு வளையல் போட்டார்கள். நான் அவர்களுக்குக் காப்பி போட்டேன். குழந்தை என்னுடையது என்பது அந்த அறையில் ஒருவருக்கும் நினைவில்லை. ஐந்தாம் மாதம் அவளைக் காவலூர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். நானும் விடுப்புப் போட்டுவிட்டு அங்கேயே தங்கினேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. ஒடுகத்தூரில் இருப்பதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

குழந்தையைக் கூட வைத்துக்கொள்ளட்டுமா என்று ஜெயசுதா கேட்டாள். ஐந்து வயசுக் குழந்தை ஓடும், மேலே விழும், தூக்கச் சொல்லும். வேண்டாம் என்றேன். கனிஷ்கா புதூர்நாட்டில் சந்திரனின் அக்கா காந்தாவிடம் இருந்தாள். ஜெயசுதாவின் கைபேசியையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அது வயிற்றுக்கு ஆகாது என்று சொன்னேன், நம்பினாள். காந்தா வீட்டில் சிக்னல் எப்போதாவதுதான் கிடைக்கும். குழந்தையின் குரலைப் பதிவு செய்து வைத்து, கிடைக்கும்போது எனக்கு அனுப்பிவிடுவாள். சாப்பாட்டுக்குப் பிறகு நான் அதைப் போட்டுக் காட்டுவேன். ஜெயசுதா கைபேசியைப் பார்த்துப் பதில் பேசுவாள். அது பதிவு என்று எத்தனை தரம் சொன்னாலும் அப்படித்தான் பேசுவாள்.

ஏழாம் மாதம் தொடங்கும்போது கர்ப்பப்பை வாய் முன்கூட்டியே திறக்கப் பார்க்கிறது என்று தையல் போட்டார்கள். படுக்கையில் இருக்கவேண்டும், பயணம் கூடாது, அதிர்ச்சி தரும் எதையும் சொல்லக்கூடாது என்றார் மருத்துவர். வலி வந்தால் உடனே கொண்டுவரவேண்டும் என்பதால் எங்கள் ஜீப்பையும் ஓட்டுநர் பூபாலனையும் காவலூரிலேயே நிறுத்திவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கனிஷ்காவுக்குக் காய்ச்சல் வந்தது. காந்தா போன் செய்தாள். பூபாலனிடம் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பஸ்ஸில் அனுப்பினேன். யாரும் செய்யாததை நான் செய்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போன் வந்தது. வண்டி போய்ச்சேரத் தாமதமாகிவிட்டது. குழந்தை இறந்துபோனது. டெங்குவாக இருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். முதலில் உங்களுக்கு எழுதிக் கொடுத்ததும் இவ்வளவுதான். வண்டியைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

சந்திரன் குடகிலிருந்து பஸ் மாறி மாறி மறுநாள் வந்து சேர்ந்தான். ஒடுகத்தூர் பள்ளியில் வேலை இருக்கிறது என்று ஜெயசுதாவிடம் சொல்லிவிட்டு, சமையல்காரம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு நான் புதூர்நாட்டுக்குப் போனேன். வில்சனும் வந்தார். வந்து ஒரு பலா மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரால் ஆகக்கூடியது அதுதான்.

சந்திரன் என்னிடம் வந்து, "சுதாவுக்குச் சொல்லணுங்க. பெத்தவ ஒருதரம் மூஞ்சி பாக்கணுங்க" என்றான்.

"சொன்னா அவளும் போயிடுவா, வயித்துல இருக்கறதும் போயிடும். மூணு சாவு உன்னால தாங்க முடியுமா சந்திரன்?"

"டாக்டர் சொன்னாருங்களா?"

"ஆமா."

டாக்டரை யாரும் கேட்கவில்லை. சந்திரன் தலையை ஆட்டினான். ஒரு ஆண் தன் மனைவியிடம் இவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்க ஒரே ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நான் இன்னும் நிறைய பேசவேண்டியிருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். காந்தாவிடமும் ஊர்க்காரர்களிடமும் அவனே பேசிவிட்டான்.

எங்கள் பள்ளிச் சீருடை ஒன்றை அந்தக் குழந்தைக்காக முன்பே தைத்து வைத்திருந்தேன். நீல கவுன், வெள்ளைச் சட்டை. அதை எடுத்துப் போயிருந்தேன். சந்திரன் அதைப் போட்டுவிட்டுத்தான் மண்ணில் இறக்கினான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் நான்.

அதற்குப் பிறகு பிரசவம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. என்னிடம் குழந்தையின் பழைய பதிவுகள் இருந்தன. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் போட்டேன். "அம்மா, அத்த பலாக்கொட்ட சுட்டுக் குட்துச்சு. நாய்க்குட்டிக்கும் போட்டேன். நீ எப்ப வர்ற?" ஜெயசுதா சிரித்தாள். "வந்துடறேன்டி. அக்கா பாப்பாவக் குட்துட்டு ஓடியாந்துடறேன்" என்றாள்.

ஒருநாள் அவள் தலையைத் திருப்பி, "இத போன வாட்டியும் சொன்னாளேக்கா?" என்றாள்.

"குழந்தைங்க சொன்னதையேதான சொல்லும்."

"ஆமாக்கா. இவ ஒரே பாட்ட நாளு பூரா பாடுவா."

வில்சன் அப்போது கதவருகே நின்றிருந்தார். வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அவர் காவலூர் வருவதைக் குறைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல ஜோஸ், சொல்லிடலாம்" என்று போனில் முனகுவார். சொன்னால் குழந்தை போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். அவருடைய மனசாட்சிக்கு எப்போதும் அடுத்தவர் அனுமதி வேண்டும்.

தை மாதம் அறுவைச் சிகிச்சையில் என் மகள் பிறந்தாள். நல்ல எடை, நல்ல நிறம். ஜெயசுதாவிடம் காட்டவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். யாரோ ஒரு நர்ஸ் காட்டிவிட்டாள். "மூக்கு அப்டியே எங்க அக்காது" என்றாளாம் ஜெயசுதா. அது சரிதான், என் மூக்குதான்.

அவளை மருத்துவமனையிலிருந்து அனுப்பிய அன்று எங்கள் வண்டியில்தான் புதூர்நாட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒரு கையால் தையலைப் பிடித்துக்கொண்டு, வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். பள்ளி திறக்க எத்தனை மாதம் இருக்கிறது, தலைக்கு என்ன நிற ரிப்பன், தமிழில் பேசினால் திட்டுவார்களா என்றெல்லாம் கேட்டாள். நான் பதில் சொன்னேன். ஊர் முகப்பில் சந்திரன் நின்றிருந்தான். உண்மையைச் சொல்வது கணவனின் வேலை, என்னுடையது அல்ல. அவளை இறக்கிவிட்டேன். கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னேன். ஏற்றிய பிறகும் அவள் சத்தம் கேட்டது. பூபாலன் வண்டியைத் திருப்பத் தடுமாறினான். வீட்டில் எனக்காகப் பசியோடு ஒரு குழந்தை காத்திருக்கிறது என்று அவனுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அவள் அழுது ஓய்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மலைக்காரர்கள் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வார்கள் என்று எங்கள் ஆயர்கூடச் சொல்வார். ஆனால் காந்தா அவளிடம் அந்த நாளைப் பற்றிப் பேசிவிட்டாள். அதனால்தான் நீங்கள் என்னை இங்கே கூப்பிட்டிருக்கிறீர்கள். பூபாலனையும் விசாரித்துவிட்டீர்கள். வண்டி பழுது என்று அவன் முதலில் சொன்னது நான் சொல்லச் சொன்னது. அவன் மேல் தப்பில்லை. அவனுக்குப் புதூர்நாட்டிலிருந்து போன் வந்ததே தெரியாது.

சரி, அந்த நாளைச் சொல்கிறேன்.

காலை வெயில் ஏறியிருந்தது. காந்தா போனில் மூச்சு வாங்கினாள். "அம்மா, காச்ச விட்டுப்போச்சுங்க. ஆனா கை காலு சில்லுன்னு கீது. வவுறு வலிக்குதுன்னு சுருட்டிக்கினு கீதுங்க. கண்ண முழிக்கமாட்டேங்குது. 108-ஐக் கூப்புடட்டுங்களா?"

"வேணாம். அது வந்து சேர நேரமாகும். நான் ஜீப்ப அனுப்பறேன். குழந்தையத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்து நில்லு. வேற வண்டியில ஏறிடாத, நம்ம வண்டி உங்களத் தேடும்."

"சரிங்கம்மா. நீங்க நல்லா இருக்கணும்மா."

நான் போனை அணைத்துவிட்டேன். அன்று மாலை வரை திறக்கவில்லை.

கனிஷ்காவுக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து சொன்னதை எங்கள் பள்ளி மைதானத்தில் பெற்றோர்களைக் கூட்டி ஒலிபெருக்கியில் சொன்னவள் நான்தான். காய்ச்சல் விட்டதும் கை கால் ஜில்லிட்டால், வயிறு வலித்தால், ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஓடுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். எனவே தெரியாமல் நடந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

வண்டி முற்றத்தில் நின்றது. பூபாலன் வாளியில் தண்ணீர் எடுத்து அதைக் கழுவிக்கொண்டிருந்தான். ஜெயசுதா கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப்போடச் சொல்லி, படுத்தபடியே அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க பாப்பாவுக்கு ஜீப்புன்னா உசுருக்கா. ஒருநா அவள முன்னாடி சீட்ல ஒக்கார வெச்சு ஒரு சுத்து கூட்டினு போவச் சொல்லுங்க" என்றாள். சரி என்றேன். இட்லியைப் பிட்டு அவள் தட்டில் வைத்தேன்.

அங்கே காந்தா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தார்ச்சாலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். திருப்பத்தூர் போகிற ஜீப் ஒன்று நின்று, ஏறும்மா என்று கூப்பிட்டதாம். அப்புறம் பஸ்ஸும் நின்றதாம். டீச்சரம்மா வண்டி வருது என்று இரண்டையும் அனுப்பிவிட்டாளாம். சொன்ன பேச்சை அப்படியே கேட்கிற ஜனங்கள். உச்சிவெயில் சாய்வதற்குள் குழந்தை மடியிலேயே முடிந்துவிட்டது.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்கவேண்டாம். யோசித்துப் பாருங்கள். வண்டியை அனுப்பியிருந்தால் அது எங்கே போகிறது என்று ஜெயசுதா கேட்டிருப்பாள். ஆஸ்பத்திரியில் தாயைக் கூப்பிடு என்றிருப்பார்கள். அவள் தையல் போட்ட வயிற்றோடு மலையிறங்கி ஓடியிருப்பாள். கட்டிப்போட்டாலும் நின்றிருக்கமாட்டாள். என் மகள் ஏழாம் மாதத்தில், ஏதோ ஒரு வளைவில், வண்டிக்குள் விழுந்திருப்பாள். அந்தக் காலையில் இரண்டு குழந்தைகள் இருந்தன, ஒரு வண்டி இருந்தது. நான் நிதானமாகத்தான் முடிவெடுத்தேன். வில்சனிடம் கேட்டிருந்தால் அவர் ஓடியிருப்பார், அதனால் கேட்கவில்லை. 108 வேண்டாம் என்று தெரிந்தேதான் சொன்னேன். வேறு வண்டியில் ஏறாதே என்று தெரிந்தேதான் சொன்னேன். கனிஷ்காவைச் சாகவிட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று ஜெயசுதா இந்த ஸ்டேஷன் வாசலில் நின்று, நீயும் ஒரு பொம்பளையா என்று என்னைக் கேட்டாள். நான் உள்ளே வந்துவிட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காக ஒருத்தி எதுவரைக்கும் போவாள் என்பது ஒரு தாய்க்குத்தான் புரியும். அவளிடம் சொல்லி என்ன பயன்? அவளுக்குத்தான் குழந்தை இல்லையே.